ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்

இன்டர்வியூவுக்குப் போகும் விஷயம் சின்னமனூரில் ஓர் ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது என்றுதான் ஹேமாவதி நினைத்திருந்தாள். காலையில் மெயில் வந்தது. வாய் தவறி அம்மாவிடம் சொன்னாள். மத்தியானத்துக்குள் தெருவில் பாதிப்பேர் வந்து வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். வாழ்த்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆளுக்கொரு யோசனையையும் கையோடு கொடுத்துவிட்டுப் போனார்கள். பச்சைச் சுடிதார் போடு என்றாள் ஒருத்தி, பச்சை மட்டும் வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. நிறைய சிரி என்றார்கள், பல் தெரியச் சிரிக்காதே என்றார்கள். வேலை இல்லாத பிள்ளை ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும், இந்த ஊரில் யோசனை சொல்ல யாருக்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை.

அவள் எம்.காம். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. தேனியில் ஏறி இறங்காத ஆபீஸ் கிடையாது. இப்போது கூப்பிட்டிருப்பது மலைச்சாரல் ஸ்பைசஸ் என்று ஓர் ஏலக்காய்க் கம்பெனி. ஏலத்தில் காய் எடுத்து, தரம் பிரித்து, வடக்கே அனுப்புகிறார்கள். பில் போடவும், லாரியில் ஏறும் சரக்குக்கு உரிய காகிதங்களைத் தயார் செய்யவும், வடநாட்டு வியாபாரிகளோடு போனில் பேசவும் ஓர் ஆள் வேண்டுமாம்.

அடிபட்டு அடிபட்டு ஹேமாவுக்கே சில விஷயங்கள் புரிந்திருந்தன. பயோடேட்டா ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். கம்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அப்படி வசமாக மாட்டிக்கொண்டு, முகம் சிவக்க வெளியே வந்திருக்கிறாள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் என்று ரேஷன் கார்டை ஒப்பிக்கக் கூடாது. கடைசியில் 'ஏதாவது கேட்கணுமா' என்பார்கள். அப்போது 'ஒண்ணுமில்ல சார்' என்று எழுந்து வருவதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை. இதெல்லாம் அவள் கையில் இருந்த விஷயங்கள். இதற்கெல்லாம் அவள் தயார்.

அவள் கையில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதற்கு இந்தப் பக்கத்தில் 'சொல்லி வைக்கிறது' என்று பெயர்.

கல்யாண மண்டபமா, பள்ளிக்கூடத்தில் சீட்டா, ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமா, எதுவானாலும் யாராவது யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நேரே போய் நின்றால், 'யாரு சொல்லி வந்தீக?' என்று கேட்டு மேலும் கீழும் பார்ப்பார்கள். யாருமில்லை, நானாகத்தான் வந்தேன் என்று சொன்னால் அநாதையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. காரியம் ஆகிவிட்டாலோ, சொல்லி வைத்தவருக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர்கள் குடும்பத்தில் இந்தச் சொல்லி வைக்கும் இலாகா முழுவதும் பெரியப்பா முத்துப்பாண்டியிடம் இருந்தது. வாழைக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன். யார் பெயரைச் சொன்னாலும், 'அவனா? நம்ம பய' என்பார். அக்கா சுபாஸ்ரீக்குத் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் அவர்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப்போய், விட்டுவிடுகிறேன் என்று அவள் அழுதபோது, 'என் முகத்துல கரியப் பூசிராத ஆத்தா' என்று தடுத்தார். பிறகு அவளுக்குக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்து, அது பிடித்தும் போன சமயத்தில், கல்யாணம் முடிவாகிவிட்டது என்று இவரே முதலாளிக்குப் போன் போட்டு, 'நாளையிலருந்து புள்ள வராது' என்று சொல்லிவிட்டார். சுபாஸ்ரீயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் வாயால் வேலை வந்ததோ அவர் வாயாலேயே போனது. நியாயம்தானே என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

ஹேமாவின் பயமெல்லாம் அதுதான். வேலை கிடைக்காமல் போவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். பெரியப்பா வாங்கிக் கொடுத்த வேலை என்று ஆகிவிட்டால், அது ஒரு நாளும் அவளுடையதாக இருக்காது.

மெயில் வந்த அன்று சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார். கூடவே அக்கா புருஷன் வினோத்ராஜும் வந்தான். அவன் இன்சூரன்ஸ் பிடிக்கிறவன். கோட்டுப் போட்டு எங்கேயோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, கை கொடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான்.

"கையை எங்க, இங்கன குடு. இது என்ன, செத்த மீனு மாதிரி? அழுத்திப் பிடி ஹேமா. அப்பத்தான் எதிராளிக்கு ஒரு பயம் வரும்."

"வேலை கேட்டுப் போற எடத்துல அவுக ஏன் மச்சான் பயப்படணும்?"

"அதான் டெக்னிக்கு. உனக்கு இந்த வேலை வேணும்னு காட்டிக்கவே கூடாது."

"எனக்கு வேணுமே!"

"அதத்தான் காட்டாதங்குறேன்."

ஹேமா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா ராக்கம்மாள் காபியோடு வந்து, "எதிர்த்து எதிர்த்துப் பேசாதடி. அங்கன போயும் இப்படித்தான் பேசுவியா? கேட்டதுக்கு மட்டும் தலையைக் குனிஞ்சு பதில் சொல்லிட்டு வா" என்றாள்.

பெரியப்பா காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, எல்லோரும் அடங்கட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் சொன்னார்: "படிப்பும் வேணாம், கையும் குலுக்க வேணாம். ஏசுதாசன் கம்பெனிதான? நம்ம பய. நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

அம்மா முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆனது. ஹேமாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"வேண்டாம் பெரியப்பா. நீங்க மட்டுமில்ல, யாருமே யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நானாப் போறேன், நானாப் பேசுறேன். கிடைச்சா கிடைக்குது, கிடைக்கலன்னா போகுது."

"பெரியவுகள எடுத்தெறிஞ்சு பேசாதடி" என்று அம்மா பல்லைக் கடித்தாள். வினோத்ராஜ், "கான்ஃபிடன்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றான். பெரியப்பா மட்டும் கோபப்படவில்லை. "சரி ஆத்தா, நான் வாயே தொறக்கல" என்று சொல்லி, எல்லோரும் பார்க்கும்படி அம்மாவிடம் கண்ணைச் சிமிட்டினார். எப்படியும் சொல்லத்தான் போகிறார் என்று ஹேமாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா சுருளியாண்டி மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது என்று எழுந்து போய்விட்டார். இந்த ஒரு மனுஷனாவது சும்மா இருக்கிறாரே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

நாலு நாள் கழித்து ஹேமா தேனிக்குப் போனாள். மலைச்சாரல் ஸ்பைசஸ் வாசலிலேயே ஏலக்காய் வாசனை ஆளைத் தூக்கியது. ஹேமாவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். உள்ளே இருந்து முதலாளியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்டர்வியூ எடுக்கும் குரல் இல்லை, போனில் பேசும் குரல். "ஆமாங்க... பாக்குறேங்க... நம்ம புள்ளன்னு சொல்லிட்டீகள்ல, பாக்குறேங்க." ஒன்று முடிந்தால் அடுத்தது. உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்காகவும் எங்கேயோ யாரோ சொல்லி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் முறை வந்தது. ஏசுதாசனுக்கு அறுபதை ஒட்டிய வயது. மேஜை மேல் தட்டுகளில் காய் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் கணக்குப் பார்க்கும் பூமாரி அக்கா உட்கார்ந்திருந்தார். ஹேமா வணக்கம் சொன்னாள். கை கொடுக்கவில்லை.

ஏசுதாசன் பயோடேட்டாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஹேமாவதி, சின்னமனூர். உங்களப் பத்தியும் சொல்லியிருக்காக."

'பெரியப்பா, உங்களை...' என்று மனசுக்குள் ஆரம்பித்த வசவை முடிக்கவில்லை.

"யார் சார்?"

"ஒருத்தரா இருந்தா பரவாயில்லயே. மூணு பேரு. மொதல்ல எங்க வீட்டுக்காரம்மா ஞானபாக்கியம். அவளுக்கு ஜாக்கெட் தைக்கிற பொண்ணு, உங்கம்மாவுக்குத் தங்கச்சி முறையாம். அந்தப் பொண்ணு மூலமா உங்கம்மா சொல்லி விட்டிருக்காக. என்னன்னு தெரியுமா?" அவர் பூமாரியைப் பார்த்தார். பூமாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். "'ஒண்ணுமே தெரியாத புள்ள. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசாது. தல நிமிந்து பாக்காது.' ஏம்மா, நான் கேக்குறது நாள் பூரா போன்ல பேசுறதுக்கு ஆளு. ஒண்ணுந் தெரியாத, வாயத் தொறக்காத புள்ளய வச்சு நான் என்ன செய்ய?"

ஹேமாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா சொல்கிற அதே வார்த்தைகள். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டே தெரியாது. அக்காவை இதைச் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாள். வேலைக்கும் அதையே சொன்னால் பலிக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"சார், எங்கம்மா அதப் புகழ்ச்சியாத்தான் சொல்லியிருக்காக."

"அது எனக்கும் தெரியும். எங்க வீட்டுலயும் அப்படிச் சொல்லித்தான் எனக்குக் கட்டி வச்சாக. கட்டினதுக்கு அப்புறந்தான் விஷயம் தெரிஞ்சது. ரெண்டாவது, யாரோ வினோத்ராஜாம். கோயம்புத்தூர்ல ஒண்ணு, சென்னையில ஒண்ணு, ரெண்டு கம்பெனி உங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காம். உடனே முடிவு சொல்லலன்னா ஆளு போயிரும்ங்கிறான். அப்படியா?"

"இல்ல சார். எந்தக் கம்பெனியும் கூப்பிடல. நான் கேக்காத எடமில்ல, கிடைக்கவும் இல்ல. இது ஒண்ணுதான் இப்ப கையில இருக்கு. எனக்கு இந்த வேலை வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் மச்சானின் டெக்னிக் மொத்தமும் காற்றில் போய்விட்டது என்று உறைத்தது. போகட்டும்.

"மூணாவது ஆளு போன்ல பேசல. முந்தாநேத்து நேர்லயே வந்தாரு. வேட்டி, துண்டு, வெயில்ல கறுத்த ஆளு. பூமாரிகிட்டத்தான் பேசியிருக்காரு. நீயே சொல்லு பூமாரி."

"சின்னமனூருக்குக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டாக" என்றார் பூமாரி. "வேலை முடிய நேரமாகுமான்னு கேட்டாக. அப்புறம் ரொம்ப நேரம் தயங்கிக்கிட்டு நின்னாக. பொம்பளப் புள்ளைகளுக்குத் தனியா கக்கூஸ் இருக்கான்னு கேட்டாக. இருக்குன்னேன். கேட்டுட்டுச் சும்மா போகக் கூடாதுன்னு நூறு கிராம் ஏலக்காய் குடுங்கன்னாக. இங்கன சில்லறை கிடையாது, இருந்தாலும் மனசு கேக்கல, போட்டுக் குடுத்தேன். வேலை குடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல."

முந்தாநாளிலிருந்து வீட்டு டீ ஏன் அப்படி மணத்தது என்று ஹேமாவுக்கு இப்போது புரிந்தது. அந்த மனுஷன் மேல் பாசம் வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததுதான் பெரிய தொல்லையாக இருந்தது. அப்பாவுமா! ஒரு வீட்டில் ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூடச் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்களா? இரண்டு வருஷமாக அவள் ஒருத்தியாகத் தூக்கிச் சுமந்த காரியத்தை, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் கந்தலாக்கிவிட்டு, இவர்களெல்லாம் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

"சார்," என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. "இவுக யாரையும் நான் பேசச் சொல்லல. பேசக் கூடாதுன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். அவுக சொன்னதையெல்லாம் ஓரமா வச்சிருங்க. எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு என்கிட்டக் கேளுங்க. அதுல நான் தேறலன்னா பேசாமப் போயிருறேன்."

ஏசுதாசன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி. ஹிந்தி தெரியுமா?"

"பேசினா பாதி புரியும். திருப்பிப் பேச வராது. படிச்சிட்டிருக்கேன், மூணு மாசம் ஆகும்."

"லாரி கிளம்பிருச்சு. பில்லுல இருபது மூட்டை. குடோன்ல எண்ணிப் பாத்தா ஒரு மூட்டை இங்கனயே கெடக்கு. என்ன செய்வீக?"

"டிரைவருக்குப் போன் போட்டு வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்வேன்."

"எனக்குச் சொல்ல மாட்டீகளா?"

"நிறுத்தினதுக்கு அப்புறம் சொல்வேன் சார். மொதல்ல உங்களத் தேடிக்கிட்டு இருந்தா, வண்டி ஆண்டிபட்டியத் தாண்டிரும்."

பூமாரி இந்த முறை வெளிப்படையாகவே சிரித்தார். அதன் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. சிலதுக்குத் தெரியும் என்றாள், சிலதுக்குத் தெரியாது என்றாள். கடைசியில், ஏதாவது கேட்கணுமா என்று அவர் கேட்டார்.

"இந்த வேலையில முன்னாடி இருந்தவர் ஏன் போனாரு சார்?"

ஏசுதாசன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரம்மாவோட ஒண்ணுவிட்ட தம்பி. சொல்லி வச்சாகன்னு சேத்தேன். சொல்லாமக் கொள்ளாம லீவு போடுவான். கேட்டா எனக்கு வீட்டுல சோறு கெடைக்காது. அவனா வெளியூர் போனாத்தான் உண்டுன்னு காத்திருந்தேன், போய்த் தொலைஞ்சான்."

எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "சார், என்னப் பத்தி வேற யாரும் பேசலையே?"

"இல்லம்மா. மூணு போதாதா?"

பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். பெரியப்பா பேசவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டாரா? அப்படியானால் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். அந்த வருத்தம் வீட்டு வாசல் வரைக்கும்தான் தாங்கியது. அம்மா ஓடி வந்து, "பெரியப்பா பேசிட்டாகளாம்டி. ஏசுதாசனுக்குப் போன் போட்டு, நம்ம வீட்டுப் புள்ள, பாத்துச் செய்யுன்னு உரிமையாச் சொல்லிட்டாகளாம். மண்டியில எல்லாருக்கும் தெரியும்" என்றாள். ஹேமா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவர் பேசவே இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? 'உனக்காகப் பேசின மனுசனப் போயி' என்று அவளைத்தான் ஏசுவார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அக்காவும் மச்சானும் பிள்ளையோடு வந்திருந்த நேரத்தில், பெரியப்பா மறுபடி வந்தார். வேலை இன்னும் கிடைத்தபாடில்லை. அதற்குள் அதை எப்போது விடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

"தேவாரத்துல நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு. பையன் மெடிக்கல் ஷாப்பு வச்சிருக்கான். தையில வச்சிக்கிருவோம். அதுவரைக்கும் புள்ள வேலைக்குப் போகட்டும், வீட்டுல சும்மா இருக்குறதுக்கு. அப்புறம் நிறுத்திருவோம். ஏசுதாசன்கிட்ட அத நான் சொல்லிக்கிறேன். நான் வாங்கிக் குடுத்த வேலைதான, மறுபேச்சுப் பேச மாட்டான்."

அம்மா தலையாட்டினாள். வினோத்ராஜ் தலையாட்டினான். சுபாஸ்ரீ மட்டும் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். ஹேமா அக்காவின் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். அப்போதுதான் போன் அடித்தது. தேனி நம்பர்.

"ஹேமாவதியா? ஏசுதாசன் பேசுறேன்மா. உங்களையே எடுத்துக்கிறோம். திங்கக்கிழமை வந்து சேந்துருங்க. ஆடர் மெயில்ல வரும்."

"ரொம்ப நன்றி சார்." வேலை கிடைத்துவிட்டது என்று வாயசைத்து எல்லோருக்கும் காட்டினாள். அம்மா இரண்டு கையையும் எடுத்துப் பெரியப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான்தான் சொன்னேன்ல!" என்று பெரியப்பா தொடையைத் தட்டினார். "ஒரே வார்த்தை! முத்துப்பாண்டி சொன்னா அங்கன மறுப்பு உண்டா?"

சந்தோஷப்படுவதற்கு அவளுக்குக் கால் நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அது தோன்றியது. புது முதலாளி, என்ன நினைப்பாரோ. ஆனாலும் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"சார், ஒரு நிமிஷம் வைக்காதீக. எங்க பெரியப்பா முத்துப்பாண்டி பக்கத்துலதான் இருக்காக. உங்களுக்கு நேரடியா நன்றி சொல்லணுமாம்." போனைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பேசுங்க பெரியப்பா."

பெரியப்பா போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வணக்கம் முதலாளி," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான்... சின்னமனூர் முத்துப்பாண்டி."

"வணக்கங்க. எந்த முத்துப்பாண்டிங்க?"

"அதான், வாழைக்காய் மண்டி..."

"வாழைக்காயா? நமக்கு அந்த யாவாரம் இல்லைங்களே. இதுக்கு முன்னாடி நாம பேசியிருக்கமா? எனக்கு ஞாபகத்துல இல்ல, தப்பா எடுத்துக்காதீக."

"இல்ல... இல்லீங்க... இப்பத்தான் மொதத் தடவ..."

"சரிங்க. புள்ள நல்லாப் பேசுச்சு. அதுக்காகத்தான் எடுத்திருக்கோம். வேற யாரும் சிபாரிசுன்னு போன் போட வேண்டாம்னு மட்டும் வீட்டுல சொல்லி வைங்க, புண்ணியமாப் போகும். வச்சிரட்டுமா?"

போன் அணைந்தது. வினோத்ராஜ் சட்டென்று எழுந்து, பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கைகள் கும்பிட்டபடியே நின்றுவிட்டன. மெல்லக் கீழே இறக்கினாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், அது இருமல்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சுபாஸ்ரீ தலையை நிமிர்த்தி, பெரியப்பாவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"லைன் சரியில்ல," என்றார் பெரியப்பா. "அவருக்கு என் குரல் சரியாக் கேக்கல."

"இருக்கும் பெரியப்பா," என்றாள் ஹேமா. "தை மாசம் என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தீகளே, என்னது?"

"தையா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் ஒண்ணுஞ் சொல்லலையே ஆத்தா."